தனியே பஸ் ஏறுவதும் ஒரு கல்வியே

காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையில் காலி வீதியோரப் பஸ் தரிப்பிடமொன்றில் நின்று கவனித்தால், பாடசாலை மாணவர், வங்கி ஊழியர், புறக்கோட்டைக் கடைச் சிப்பந்திகள், மருத்துவமனைக்குச் செல்லும் முதியோர் எனப் பல தரப்பினரும் முண்டியடித்து ஏறுவதைக் காணலாம். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் காணக் கிடைக்காத ஒரு பகுதியினரும் உளர். கண்பார்வையற்ற, செவிப்புலன் குன்றிய, மெதுவாகக் கற்கின்ற, ஓட்டிசம் உடைய இளைஞரும் யுவதியரும் அதே வீதியின் தொடர்மாடிகளில்தான் வாழ்கின்றனர். கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலும் வாழ்கின்றனர். அவர்கள் வெளியே செல்வது தாயின் கையைப் பிடித்தபடி, பெரும்பாலும் முச்சக்கர வண்டியில். அழைத்துச் செல்ல ஆளில்லாத நாளில் வீட்டோடு இருந்துவிடுகின்றனர்.

பாடசாலைப் பருவம் முடியும்வரை இந்த ஏற்பாடு ஒருவாறு நடைபெற்றுவிடும். அதற்குப் பின்னரே சிக்கல் தொடங்குகிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்தாலும் நாள்தோறும் கொண்டுபோய் விட்டு, மாலையில் அழைத்துவர யார் இருக்கின்றார்? தந்தைக்கு வேலை, தாய்க்கு முழங்கால் வலி. பிள்ளைக்கு வயது ஏறுவதுபோலப் பெற்றோருக்கும் ஏறுகின்றது. “எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது?” என்ற கேள்வி ஒவ்வோர் இரவும் அந்த வீடுகளில் எழுகின்றது. அக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதி வாசலுக்கு வெளியே, பஸ் தரிப்பிடத்தில் இருக்கின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து. தனியே பயணம் செய்யும் ஆற்றல் சிலருக்கு வாய்த்து, சிலருக்கு வாய்க்காமற் போகும் வரமன்று. எண்ணும் எழுத்தும் போலக் கற்பிக்கப்பட வேண்டிய ஒரு பாடம் அது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதேனும் ஒருவகை இயலாமையுடன் வாழ்கின்றனர். இவர்களுக்கான சட்டங்கள் நாட்டில் இல்லாமலில்லை. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லக்கூடிய எந்த இடத்தையும் அணுகுவதில் அங்கவீனத்தைக் காரணங்காட்டித் தடையோ நிபந்தனையோ விதிக்கலாகாது என்கின்றது. 2006 ஒக்டோபரில் பொது இடங்களின் அணுகல் வசதி தொடர்பான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின.

இவ்விதிகள் ஏட்டளவில் நின்றுவிடக்கூடாது என்று நீதிமன்றப் படியேறியவர் கலாநிதி அஜித் சீ. எஸ். பெரேரா. 1992 இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மீது மரமொன்று விழுந்ததால் நடமாடும் ஆற்றலை இழந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர் அவர். அவர் தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் அணுகல் விதிகளுக்கு அமையவே கட்டப்பட வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ரயில் பெட்டிகளில் உரிய வசதி இல்லாமை குறித்து அவர் தொடுத்த மற்றொரு வழக்கின் தீர்ப்பு 2019 ஏப்ரலில் வெளியானது. அதே மாதத்தில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பேரிடியில் அந்தத் தீர்ப்பு மக்களின் கவனத்தைப் போதியளவு பெறவில்லை. அவர் 2020 இல் காலமானார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007 இல் கையொப்பமிட்ட இலங்கை, 2016 பெப்ரவரியில் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9 ஆம் உறுப்புரை கட்டடம், போக்குவரத்து ஆகியவற்றின் அணுகல் வசதி பற்றியது. இதனைப் பலரும் அறிவர். அவ்வளவாகப் பேசப்படாதது 20 ஆம் உறுப்புரையாகும். நடமாட்டத் திறன்களில் மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் பணியாற்றும் ஊழியர்களுக்கும் பயிற்சி அளிப்பது அரசின் கடமை என்கின்றது அது. படிக்கட்டுக்குப் பதிலாகச் சாய்தளம் அமைப்பது ஒரு கடமையாயின், அந்தச் சாய்தளம்வரை தனியே வந்துசேரக் கற்பிப்பது மற்றொரு கடமை. முதலாவதைப் பற்றிப் பேசிய அளவுக்கு இரண்டாவதைப் பற்றி நாம் பேசவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்ட விதிகள் ‘பயணப் பயிற்சி’யைச் சிறப்புக் கல்வியின் ஓர் அங்கமாகவே வரையறுத்துள்ளன. கணிதத்துக்கு ஆசிரியர் இருப்பதுபோல, பஸ்ஸில் செல்லக் கற்பிக்கவும் அங்கு பயிற்றுநர் உள்ளனர்.

அச்சத்துக்கும் காரணம் உண்டு

பெற்றோர் பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்குவதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. 1983 ஜூலையைக் கண்ட நகரம் இது. 2009 வரை சோதனைச் சாவடிகளுக்கும் திடீர்ச் சுற்றிவளைப்புகளுக்கும் நடுவே வாழ்ந்த பகுதிகள் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும். கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியாத, அடையாள அட்டையை எடுத்து நீட்டத் தெரியாத ஒரு தமிழ் இளைஞனை எந்தத் தாய் அன்று தனியே பஸ்ஸில் ஏற்றியிருப்பாள்? 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டதை எவரும் மறந்துவிடவில்லை. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் ஏனைய இடங்களிலும் குண்டுகள் வெடித்த 2019 ஏப்ரலின் பின்னர், அதே சந்தேகப் பார்வை முஸ்லிம் குடும்பங்களின் மீதும் விழுந்தது. காரணமுள்ள அச்சம் தலைமுறை கடந்து பழக்கமாகிவிட்டது.

ஆயினும் அச்சத்தின் விலையையும் கணக்கிட வேண்டும். முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் பணம் அதில் சிறு பகுதியே. இருபத்தைந்து வயதிலும் ஒரு தேநீர் வாங்கிக் குடிக்கத் தனியே வெளியே செல்லாதவன் இழப்பது மிகப் பெரிது. அமெரிக்கரான ரொபர்ட் பேர்ஸ்கி 1972 இல் எழுதிய கட்டுரையொன்றில் ‘இடரை ஏற்கும் கண்ணியம்’ என்ற கருத்தை முன்வைத்தார். அளவோடு கூடிய இடரும் மனித வாழ்வின் உரிமையே. எல்லா இடர்களிலிருந்தும் ஒருவரைக் காப்பதாகச் சொல்லி அவருடைய வாழ்வையே பறித்துவிடக்கூடாது என்பது அதன் சாரம். இது பிள்ளையை வீதியில் விட்டுவிடும்படி கூறும் அறிவுரையன்று. இடரைப் படிப்படியாகக் குறைத்து, ஆற்றலைப் படிப்படியாகக் கூட்டுவதே பயிற்சி.

ஒரு பயணம், பத்துப் பாடங்கள்

‘பஸ்ஸில் போதல்’ என்பதை ஒரே செயலாக நாம் நினைக்கின்றோம். கற்பிக்கும்போது அதைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். வீட்டைவிட்டு இறங்குதல், தரிப்பிடம்வரை நடத்தல், மஞ்சள் கடவையில் வீதியைக் கடத்தல், உரிய பஸ்ஸை இனங்காணுதல், கைகாட்டி நிறுத்துதல், ஏறுதல், பயணச்சீட்டும் மிகுதிப் பணமும் பெறுதல், இறங்குமிடம் நெருங்குவதை உணர்தல், மணியடித்து இறங்குதல், அங்கிருந்து சேருமிடம்வரை நடத்தல் எனக் குறைந்தது பத்துப் பாடங்கள் இதில் அடங்கியுள்ளன. ஒன்று கைவந்த பின்னரே அடுத்தது.

மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கு இப்பாடங்களை ஈற்றிலிருந்து தொடங்குவது பயனளிக்கும். முதல் வாரம் எல்லாவற்றையும் தாயே செய்து, மணியடித்து இறங்குவதை மட்டும் பிள்ளையிடம் விடலாம். பயணம் தன் கையால் நிறைவுறுவதை அவன் அனுபவிப்பான். அடுத்த வாரம் இறங்குமிடத்தை அவனே கண்டு சொல்லட்டும். அதன் பின்னர் பயணச்சீட்டு. இவ்வாறு பின்னிருந்து முன்னாக வந்தால், ஒவ்வொரு நாளும் வெற்றியோடு முடியும்.

உரிய பஸ்ஸை இனங்காண்பது எளிதன்று. காலி வீதியில் 100 ஆம் இலக்கம் பாணந்துறைக்கும், 101 மொறட்டுவைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே ஓடுகின்றன. வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை செல்ல இரண்டும் உதவும். ‘100’ என்று மட்டும் கற்பிக்கப்பட்டவன் 101 ஐ விட்டுவிட்டு வெயிலில் காத்து நிற்பான். ‘எந்த பஸ்ஸானாலும் ஏறு’ என்று கற்பிக்கப்பட்டவனோ மட்டக்குளி செல்லும் 155 இல் ஏறிவிடுவான். அது காலி வீதியை விட்டு நகருக்குள் திரும்பிவிடும். ஆகவே, ஏறலாகும் இலக்கங்களைப் பெரிய எழுத்தில் ஒரு சிறு அட்டையில் எழுதிக் கொடுத்து, வரும் பஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்க வேண்டும்.

தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்நகரில் இன்னுமொரு சுமை உண்டு. வீட்டில் அவன் கற்ற ‘புறக்கோட்டை’ நடத்துநரின் வாயில் ‘பிட்டகொட்டுவ’ ஆகின்றது. ‘கொட்டாஞ்சேனை’ ‘கொட்டஹேன’ ஆகின்றது. நமக்கு இது ஒரு பொருட்டன்று. சொல்லைச் சொல்லாகவே பற்றிக்கொள்ளும் ஓட்டிசம் உடைய பிள்ளைக்கு இவை இரண்டும் வெவ்வேறு ஊர்கள். எனவே, செல்லும் வழியின் இடப்பெயர்களை இரு மொழிகளிலும் முதலிலிருந்தே சேர்த்துக் கற்பிக்க வேண்டும். இறங்க வேண்டும் என்பதைத் தெரிவிக்க ‘பஹினவா’ என்ற ஒரு சிங்களச் சொல்லும் பயன் தரும். பேச இயலாதவர் மணியை அழுத்தவும், முன்கூட்டியே எழுந்து வாயிலருகே வரவும் பழக வேண்டும்.

பணமும் ஒரு பாடம். தொடக்கத்தில் சரியான கட்டணத்தை எண்ணித் தனிப்பையில் வைத்துக் கொடுக்கலாம். பார்வையற்றோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. மத்திய வங்கி 2011 இல் வெளியிடத் தொடங்கிய நாணயத்தாள் தொடரில் மதிப்புக் கூடக் கூடத் தாளின் நீளமும் சற்றுக் கூடுகின்றது. விரல் மடிப்பில் வைத்து அளந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் ஏமாறும் வாய்ப்புக் குறையும்.

விலகி நிற்கக் கற்கும் பெற்றோர்

பிள்ளை கற்கும்போது பெற்றோர் கற்க வேண்டியது விலகி நிற்பதை. முதலில் பக்கத்து இருக்கை. பின்னர் இரண்டு வரிசை பின்னால். அதன் பிறகு பிள்ளை முன்வாயிலால் ஏற, தாய் பின்வாயிலால் ஏறி, கண்ணிற்படாமல் அமர்ந்திருத்தல். அடுத்து, ஒருவர் தரிப்பிடத்தில் ஏற்றிவிட, மற்றொருவர் இறங்குமிடத்தில் காத்திருத்தல். ஈற்றில் கையடக்கத் தொலைபேசி அழைப்பு ஒன்று மட்டும். இந்தப் படிகளைக் கடக்கச் சிலருக்கு ஒரு மாதமும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகலாம். சிலர் ஒரேயொரு வழியை மட்டும் கற்றுக்கொள்வர். அந்த ஒரு வழி தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ வேலைத்தளத்துக்கோ செல்வதாயின், அதுவே ஒரு வாழ்க்கைக்குப் போதும்.

கூட்டம் குறைந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பயிற்சியைத் தொடங்குவது நன்று. எனினும் ஞாயிறு பஸ்ஸும் திங்கள் பஸ்ஸும் ஒன்றல்ல. நெரிசலிலும் மழையிலும் பழக்கிய பின்னரே தனியே விட வேண்டும்.

பலர் தவறவிடும் பாடம், தவறிப்போனால் என்ன செய்வது என்பதாகும். பெற்றோர் உடனிருக்கும்போதே வேண்டுமென்று ஒரு தரிப்பிடம் தாண்டிச் சென்று, அங்கிறங்கித் திரும்பி வரும் வழியைக் காட்ட வேண்டும். ஆடிவேல் ஊர்வல நாளிலும் கொச்சிக்கடைத் திருவிழா நாளிலும் பஸ்கள் வழிமாறிச் செல்லக்கூடும். வழமை குலைந்தால் கலங்கிவிடும் பிள்ளைக்கு, ‘அசையாமல் நில், தொலைபேசியை எடு, இந்த இலக்கத்தை அழுத்து’ என்ற மூன்று கட்டளைகள் பாடமாக வேண்டும். பெயர், பேச்சு அல்லது கேட்டற் குறைபாடு, அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கங்கள் ஆகியவற்றை மூன்று மொழிகளிலும் எழுதிய அட்டையொன்று சட்டைப்பையில் இருத்தல் நலம். எவரும் வாசிக்கும்படி அதைக் கழுத்தில் தொங்கவிடலாகாது. அது உதவுவோரை மட்டுமன்றித் தீயோரையும் அழைக்கும்.

ஒவ்வொரு குறைபாட்டுக்கும் பயிற்சி வேறுபடும். பார்வையற்றோர் பயன்படுத்தும் நீண்ட வெண்பிரம்பின் நுட்பம் இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த அமெரிக்கப் படையினருக்காக ரிச்சர்ட் ஹூவர் என்பவரால் உருவாக்கப்பட்டது. இடமும் வலமுமாகப் பிரம்பை வீசி, அடுத்த அடி வைக்கும் இடத்தை முன்னரே தொட்டறியும் முறை அது. பிரம்பை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. அதனைக் கையாளப் பயிற்சி வேண்டும். வெள்ளவத்தையில் குறுக்கு வீதிகளின் முனையில் முகத்தில் அறையும் கடற்காற்றும், கால்வாய்ப் பாலத்தின் மேல் மாறும் ஓசையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டிக் கற்களே. செவிப்புலனற்றோர் நடத்துநரின் கூவலை நம்ப முடியாது. கண்ணாற் காணும் அடையாளங்களை வரிசையாக மனத்திற் பதிப்பதே அவர்களுக்கு வழி.

சக்கர நாற்காலியில் வாழ்வோரின் நிலை வேறு. உயர்ந்த படிகளைக் கொண்ட பஸ்ஸில் ஏற எந்தப் பயிற்சியாலும் முடியாது. அங்கு மாற வேண்டியது வாகனம். சென்னையில் மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம்வரை சென்று போராடியதைத் தொடர்ந்து, 2024 ஓகஸ்டில் தாழ்தளப் பஸ்கள் மாநகரச் சேவையில் மீண்டும் சேர்க்கப்பட்டன. பயிற்சியைப் பற்றிப் பேசுவது இந்தக் கோரிக்கையைக் கைவிடுவதாகாது. வாகனமும் மாற வேண்டும். பயணியும் ஆயத்தமாக வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றிய கவலையைத் தனியே குறிப்பிட வேண்டும். இலங்கையில் பொதுப் போக்குவரத்தில் பயணம் செய்யும் பெண்களில் 90 வீதமானோர் பாலியல் தொந்தரவுக்கு உள்ளாகின்றனர் என ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு தெரிவித்தது. இதனைக் காரணங்காட்டிப் பெண்ணை வீட்டில் பூட்டி வைத்தால் தண்டனை பெறுபவள் குற்றம் செய்யாதவளே. எது தகாத தொடுகை, சத்தமிட்டு விலகுவது எப்படி, யாரிடம் முறையிடுவது ஆகியவையும் பயணப் பாடத்தின் பகுதிகளாக வேண்டும். இவை எல்லாப் பெண்களுக்கும் உரிய பாடங்கள். விசேட தேவையுடைய பெண்ணுக்கு இவற்றைத் தெளிவான சொற்களில், வெட்கப்படாமல், பலமுறை சொல்ல வேண்டியிருக்கின்றது.

பஸ்ஸில் இருப்பவர்களின் பங்கு

எவ்வளவு பயிற்சி பெற்றவனாயினும், இரு கால்களும் உள்ளே வருமுன் பஸ் புறப்பட்டுவிட்டால் விழத்தான் செய்வான். சாரதி ஒரு கணம் பொறுத்தலும், நடத்துநர் தரிப்பிடத்தின் பெயரை உரக்கச் சொல்லுதலும் எவ்விதச் செலவுமற்ற உதவிகள். ஒதுக்கப்பட்ட ஆசனத்தைக் கேளாமலே விட்டுக்கொடுப்பது பயணிகளின் கடமை. ஒருவரின் குறைபாடு வெளித்தோற்றத்தில் தெரியாமலும் இருக்கலாம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பார்வையற்றவரின் கையையோ பிரம்பையோ பிடித்து இழுப்பதைத் தவிர்த்து, நம் முழங்கையை நீட்டினால் அவரே பற்றிக்கொள்வார். அவரிடம் கேட்க வேண்டியதை உடன் வருபவரிடம் கேட்பதும் தவறு. இத்தகைய எளிய விடயங்களைச் சாரதி, நடத்துநர் பயிற்சியில் கட்டாய பாடமாக்குவது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கும் மாகாண அதிகாரசபைக்கும் இயலாத காரியமன்று. ஆணைக்குழுவின் 1955 என்ற முறைப்பாட்டு இலக்கத்தைப் பிள்ளையின் அட்டையிலும் எழுதி வைக்கலாம்.

பாடசாலைகளில் இயங்கும் விசேட கல்வி அலகுகள், பதினான்கு வயதிலிருந்தேனும் வாரத்தில் ஒரு நாளைப் பயணப் பாடத்துக்கு ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சமூக சேவைக்குப் பொறுப்பான அலுவலர் உள்ளார். வெள்ளவத்தை மக்கள் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தையும், கொட்டாஞ்சேனை மக்கள் கொழும்பு பிரதேச செயலகத்தையும் அணுகி, இத்தகைய பயிற்சியைத் தமிழ் மொழியில் நடத்துமாறு எழுத்து மூலம் கேட்கலாம். கேட்காத உரிமை கிடைப்பதில்லை.

நம் சமூகங்களின் மரபு இதற்குத் துணை நிற்கின்றது. பார்வையற்ற நபித்தோழர் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்கள் பள்ளிவாசலுக்கு அழைத்துவர ஆளில்லை என்று சலுகை கேட்டபோது, பாங்கொலி கேட்கின்றதா என வினவி, கேட்பின் வருமாறு நபிகளார் (ஸல்) பணித்தமை ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. பாங்கு சொல்லும் பணியும், நபிகளார் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பும் அவருக்கு வழங்கப்பட்டன. வீட்டில் இருந்துவிடு என்று அவர் ஒதுக்கப்படவில்லை. தமிழ் மரபில், பார்வையற்ற புலவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார் கடல் கடந்து யாழ்ப்பாணத்து மன்னனின் அவைக்கு வந்து பரிசில் பெற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கால் வழங்காத ஒருவரும் கண் தெரியாத ஒருவருமாய், ஒருவரை ஒருவர் சுமந்தும் வழிகாட்டியும் ஊரூராகச் சென்று பாடிய இரட்டைப் புலவரை நாம் அறிவோம். நம் முன்னோரின் நினைவில் இவர்கள் பயணம் செய்தவர்களாகவே நிலைத்துள்ளனர்.

ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பங்கு ஆலயங்களும் இப்பணியில் இணையலாம். இரண்டு தொண்டர்கள், ஒரு பிள்ளை, வாரத்தில் ஒரு காலை வேளை என்பது எந்த அமைப்புக்கும் பெருஞ்சுமையாகாது. பெற்றோரிடம் விடும் வேண்டுகோள் இதனினும் சிறியது. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு பஸ்ஸில் ஏறுங்கள். நான்கு தரிப்பிடம் சென்று திரும்புங்கள். இறங்கும்போது மணியை மட்டும் அவனை அடிக்கச் சொல்லுங்கள். பத்துப் பாடங்களில் முதலாவது அன்றே தொடங்கிவிடும்.